கிலாபத்தும் அரசும்: இப்னு கல்தூனின் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

இஸ்லாமிய ஆட்சி வரலாற்றின் முதல் நூற்றாண்டை ஆராயப் புகுவார் எவரும் ஒரு வினாவைக் கடந்து செல்லுதல் இயலாது. கி.பி. 632-இல் நபிகள் நாயகம் மறைந்தபின் தோன்றிய கிலாபத்து என்னும் தலைமை, எப்பொழுது, எக்காரணத்தால் அரசாக மாறிற்று என்பதே அவ்வினா. இதற்கு விடை கூறியோர் பலர். சமயச் சான்றோர் அதனை அறத்தின் வீழ்ச்சி என்றனர். உமைய்யாக் குடியினரை வீழ்த்தி வந்தோரின் காலத்து நூலாருட் பலர் அக்குடியின் குற்றம் என்றனர். இவ்விரு வழியினும் வேறாய், மக்கட் கூட்டத்தின் இயல்பிலேயே காரணத்தைத் தேடியவர் இப்னு கல்தூன் (1332–1406). தூனிசில் பிறந்த இப்பேரறிஞர், 1377-இல் கல்அத் இப்னு சலாமா என்னும் கோட்டையில் ஒதுங்கியிருந்து எழுதிய முகத்திமா என்னும் நூலின் மூன்றாம் இயலில், கிலாபத்து அரசாக மாறியமையைத் தனிப்பகுதியாகவே வைத்து ஆராய்ந்துள்ளார். அக்கொள்கையை எடுத்துரைத்து, அதன் வலிமையையும் குறையையும் மதிப்பிடுதலே ஈண்டு நம் நோக்கமாகும்.

1. இரு சொற்கள்

முதற்கண் சொற்களைத் தெளிதல் வேண்டும். கலீபா என்னும் அரபுச் சொல் ஒருவர்க்குப் பின் அவர் இடத்தில் நிற்போரைக் குறிப்பது. மலிக் என்பது அரசன். முல்க் என்பது அரசு அல்லது அரசுரிமை. பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மறுதலையாய் நின்றமையால், தொடக்கத்திலும் அவ்வாறே இருந்தன எனக் கருதுவாரும் உளர். திருக்குர்ஆன் அக்கருத்துக்கு இடந்தரவில்லை. அந்நூலின் 38-ஆம் அத்தியாயத்தில் தாவூது நபி புவியின்கண் கலீபாவாக ஆக்கப்பட்டவராகக் குறிக்கப்படுகின்றார். 2-ஆம் அத்தியாயத்தில் அவர்க்கே முல்க் அளிக்கப்பட்டதாகவும் கூறப்படுகின்றது. ஒருவரே கலீபாவும் ஆட்சியுரிமை பெற்றவருமாய் நிற்றலின், இச்சொற்கள் இயல்பில் பகைச்சொற்கள் அல்ல என்பது தெளிவு. ஆயின், அரசர் ஓர் ஊரிற் புகுந்தால் அதனைக் கெடுப்பர் என்னும் கருத்தை ஸபா நாட்டு அரசியின் வாயிலாக அந்நூலே கூறுகின்றது. எனவே, அரசு என்பது ஐயத்திற்குரியதாயினும் முற்றிலும் விலக்கத்தக்கதன்று என்பதே முதல்நிலை எனலாம்.

இவ்விரு சொற்களும் எதிர்நிலை எய்தியது பிற்காலத்து நினைவிலாம். தமக்குப்பின் முப்பது ஆண்டு கிலாபத்து நடக்கும், பின்னர் அரசு வரும் என நபிகள் நாயகம் கூறியதாக ஒரு செய்தி அபூதாவூது, திர்மிதி ஆகியோர் தொகுப்புகளிற் காணப்படுகின்றது. ஹிஜ்ரி 11 முதல் 41 வரை எண்ணின், அபூபக்கர் முதல் அலீ வரையிலான நால்வரும், சில திங்கள் தலைமை தாங்கிய ஹஸனும் அம்முப்பதில் அடங்குவர். இவ்வாறு 661-ஆம் ஆண்டு ஓர் எல்லைக்கல்லாக நாட்டப்பெற்றது. எல்லைக்கு இப்பால் கிலாபத்து, அப்பால் அரசு. ஷீஆப் பிரிவினர்க்கோ தலைமை என்பது நபியின் குடும்பத்தார்க்கு நியமனத்தால் உரியதாகலின், இவ்வினா அவரிடை வேறு வடிவில் எழும். இப்னு கல்தூன் ஸுன்னி மரபில் நின்று எழுதியவர் என்பதை மறத்தலாகாது.

2. நிகழ்ச்சிகளின் சுருக்கம்

முதல் நால்வரும் தலைமைக்கு வந்த முறை ஒன்றன்று. அபூபக்கர் 632-இல் மதீனாவில் ஸாயிதாக் குலத்தாரின் கொட்டகையில் கூடினோரால் ஏற்கப்பட்டார். உமர் 634-இல் அபூபக்கரால் குறிக்கப்பட்டார். உமர் 644-இல் குத்துண்டு கிடந்தபொழுது அறுவர் அடங்கிய குழுவினை அமைத்தார். அக்குழு உஸ்மானைத் தேர்ந்தது. உஸ்மான் 656-இல் தம் இல்லத்திற் கொல்லப்பட்டபின், மதீனாவில் அலீயிடம் மக்கள் உறுதிமொழி செய்தனர். முறை நான்காயினும் பொதுமை ஒன்று உண்டு. இவருள் எவரும் தம் மைந்தரைத் தமக்குப்பின் தலைவராக நாட்டிச் சென்றதாக ஸுன்னி மரபு கூறவில்லை. உமர் தம் மைந்தர் அப்துல்லாஹ்வை அறுவர்க்கு ஆலோசனை கூறுதற்கு மட்டும் இசைந்து, தேர்ந்தெடுக்கப்படுதற்கு விலக்கி வைத்தார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

அலீயின் காலம் உள்நாட்டுப் போரிற் கழிந்தது. 656-இல் ஒட்டகப் போரும் 657-இல் ஸிப்பீன் போரும் நிகழ்ந்தன. 661-இல் கூபாவில் அலீ கொல்லப்பட்டார். அவர் மைந்தர் ஹஸன் தலைமையை விட்டுக் கொடுத்தமையின், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிரியாவின் ஆளுநராய் இருந்த முஆவியா அனைவர்க்கும் தலைவரானார். அவர் தம் வாழ்நாளிலேயே தம் மைந்தர் யஸீதுக்கு உறுதிமொழி பெற்றார். ஹுஸைன், அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் முதலியோர் இசைந்திலர். 680-இல் யஸீது பதவியேற்றார். அவ்வாண்டே அக்டோபர் 10-ஆம் நாள் ஹுஸைன் கர்பலாவிற் கொல்லப்பட்டார்.

3. இப்னு கல்தூனின் கொள்கை

இந்நிகழ்ச்சிகளை இப்னு கல்தூன் காணும் முறை தனித்தன்மை வாய்ந்தது. ஆட்சி எதுவாயினும் அது நிலைபெறுதற்கு ஒரு கூட்டத்தாரின் ஒன்றுபட்ட பற்றும் வலிமையும் வேண்டும். இதனை அவர் அசபிய்யா என்பர்; நாம் இதனைக் கூட்டப்பற்று எனலாம். கூட்டப்பற்று முதிரின் அரசாக முடிதல் இயற்கை. ஆதலின் அரசு தன்னளவில் பழிக்கத்தக்கதன்று; தீய நோக்கிற்குப் பயன்படின் மட்டுமே பழிக்கத்தக்கது. தாவூதும் ஸுலைமானும் நபிகளாய் இருந்தே அரசாண்டமையை அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகின்றார்.

அங்ஙனமாயின் மாறியது யாது? மக்களைத் தீமையினின்று தடுக்கும் ஆற்றலே மாறிற்று என்பது அவர் விடை. தொடக்கத்தில் அத்தடுப்பாற்றல் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்த சமயவுணர்வு. பின்னர் அது கூட்டப்பற்றும் வாளும் ஆயிற்று. முன்னிருந்த இருவர்க்கும் அடங்கிய மக்கள் உமக்கு அடங்காமை என்னை என வினவியவர்க்கு, அவர்கள் என்போன்றாரை ஆண்டனர், யான் உம்போன்றாரை ஆளுகின்றேன் என்னும் கருத்துப்பட அலீ விடையிறுத்த செய்தியை அவர் எடுத்தாளுவது இதுபற்றியே. எனவே அவர்தம் கொள்கையில் படிகள் மூன்று: முதலில் அரசுக்கலப்பில்லாக் கிலாபத்து, அடுத்து, முஆவியா முதல் அப்பாஸியருள் ஹாரூன் ரஷீதும் அவர் மைந்தர் சிலரும் வரை, இரண்டும் கலந்த நிலை, இறுதியில் பெயரளவில் கிலாபத்தும் உண்மையில் அரசும்.

4. கொள்கையின் வலிமை

இக்கொள்கையின் சிறப்பை உணர்தற்கு ஏனையோர் கூற்றோடு ஒப்பிடல் வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் உரைநடைப் பேராசிரியர் அல்ஜாஹிழ், முஆவியா தலைமையேற்ற ஆண்டினை ஒற்றுமையாண்டு எனப் பிறர் வழங்கியதை மறுத்து, அது பிரிவின் ஆண்டு, தலைமை பாரசீக வேந்தரின் அரசாக மாறிய ஆண்டு என்று கடிந்தெழுதினார். அவர் எழுதியது 750-இல் உமைய்யரை வீழ்த்திய அப்பாஸியரின் ஆட்சியில். அவ்வப்பாஸியரும் தம் குடிக்குள்ளேயே ஆட்சியைக் கைமாற்றி வந்தனர். ஒரு குடியின் குற்றமாகக் கூறப்பட்டது அடுத்த குடியிலும் தொடர்ந்ததெனின், காரணம் குடியின் குணத்தில் இல்லை. இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் இப்னு கல்தூன்.

அவர்தம் நடுநிலையும் பாராட்டற்குரியது. ஹுஸைன் தம் பாட்டனாரின் சட்டப்படியே கொல்லப்பட்டார் என்னும் பொருளில் எழுதிய நீதிபதி இப்னுல் அரபியின் கூற்றை அவர் பிழையென வெளிப்படையாக மறுக்கின்றார். ஹுஸைன் தம் தகுதியைக் கணித்ததிற் பிழையில்லை, தம் வலிமையைக் கணித்ததிலேயே பிழை நேர்ந்தது என்பது அவர் முடிபு. அறத்தின் வெற்றி வேறு, ஆற்றலின் வெற்றி வேறு என்று பிரித்தறியும் இத்தெளிவு அக்கால வரலாற்றாசிரியரிடை அரிதிற் காண்பது.

5. புறச்சான்றுகள்

இனி, கொள்கையை அக்காலத்துச் சான்றுகளோடு பொருத்திக் காண்போம். நூல்கள் பெரும்பாலும் பிற்காலத்தன. தபரி மறைந்தது 923-இல். பலாதுரி மறைந்தது 892-இல். கல்லும் காசும் அக்காலத்தன. தாயிபு நகரருகே அணையொன்றில் ஹிஜ்ரி 58-இல் பொறிக்கப்பட்ட அரபுக் கல்வெட்டும், 662-இல் ஹம்மத் கதேர் வெந்நீர்க் குளிப்பிடத்தில் பொறிக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டும் முஆவியாவை இறைவனின் அடியார், நம்பிக்கையாளர் தலைவர் என்றே கூறுகின்றன. அரசர் என்னும் பெயர் அவற்றில் இல்லை. அவர் காலத்தை ஒட்டியதாகக் கருதப்படும் மாரோனிய வரலாறு என்னும் சிரியாக் நூல், எருசலேமில் அரபியர் கூடி அவரை அரசராக்கினர் எனினும், பிற அரசரைப் போல் அவர் முடி தரித்திலர் என்றும் குறிக்கின்றது. சிரியாக் நூலார் அரபுத் தலைவர்களை அரசர் என்றே வழங்குவராகலின், அப்பெயரை மட்டும் கொண்டு மாற்றத்தை நாட்டுதல் பொருந்தாது. முடியில்லை என்னும் குறிப்பே பொருளுடையது.

அப்துல் மலிக்கின் காலம் (685–705) இதனினும் வியப்புத் தருவது. அரசின் உறுப்புகள் பலவும் திண்மை பெற்றது அவர் காலத்திலேதான். எருசலேமில் பாறைக் குவிமாடம் ஹிஜ்ரி 72 என்னும் ஆண்டினைத் தாங்கி நிற்கின்றது. ஹிஜ்ரி 77-இல் உருவமின்றி எழுத்து மட்டும் கொண்ட பொற்காசு வெளிவந்தது. சிரியாவின் அரசாங்கக் கணக்குகள் கிரேக்கத்தினின்று அரபுக்கு மாறின. அவருக்குப் பின் அவர் மைந்தர் நால்வர் ஆண்டனர். இத்துணை அரசத்தன்மை வாய்ந்த அவரே, எழுத்துக்காசுக்கு முன் வெளியிட்ட, வாளேந்தி நிற்கும் உருவம் பொறித்த காசுகளில் இறைவனின் கலீபா எனத் தம்மைக் குறித்துக் கொண்டார். அபூபக்கர் இப்பெயரை விலக்கி, இறைத்தூதரின் கலீபா என்பதனையே ஏற்றார் என்பது மரபு. ஆக, அரசு வலுத்த அளவிற்குக் கலீபா என்னும் பெயரும் உயர்ந்ததேயன்றித் தேயவில்லை. இப்னு கல்தூன் கூறும் மூன்று படிகளுள், பெயர் மட்டும் எஞ்சிய நிலை இறுதியில் வருவது. கல்லும் காசுமோ, பெயரும் பொருளும் விலகத் தொடங்கியது முதல் நூற்றாண்டிலேயே எனக் காட்டுகின்றன.

6. இன்றியமையாமை என்னும் வாதம்

கொள்கையின் மெலிவு யஸீதின் நியமனத்தை விளக்குமிடத்து வெளிப்படுகின்றது. உமைய்யாக் குடியினர் தம்முள் ஒருவரையன்றிப் பிறரை ஏலார். அவரே அன்று வலிமையுடையார். வேறொருவரை முஆவியா குறித்திருப்பின் பிளவு நேர்ந்திருக்கும். ஆதலின் பிளவினை அஞ்சியே அவர் மைந்தரை நியமித்தார் என்பது இப்னு கல்தூனின் வாதம். யஸீதின் தீயொழுக்கத்தை முஆவியா அறிந்திருந்தார் எனக் கொள்ளலாகாது என்றும் அவர் கூறுவர்.

இவ்வாதத்தை நிகழ்ச்சிகள் தாங்குகின்றனவா? நியமனத்தின் பயனாக வந்தது பிளவேயாகும். 680-இல் கர்பலா, 683-இல் மதீனாவை எதிர்த்த ஹர்ராப் போர், அவ்வாண்டே மக்கா முற்றுகையிடப்பட்டுக் கஃபா தீப்பற்றியது, இப்னு ஸுபைர் 692 வரை மக்காவில் தனித் தலைமை தாங்கினார். பன்னிரண்டு ஆண்டுக் குருதிப்பெருக்கைத் தவிர்த்ததாக ஒரு செயலைப் பாராட்டுதல் எங்ஙனம்? வேறு வழி இதனினும் கேடு விளைத்திருக்கும் எனின், அது மெய்ப்பிக்க இயலாத கூற்று.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. இப்னு கல்தூன் ஆள்வோரின் நோக்கத்தை எடைபோடுகின்றார். ஆளப்படுவோரின் இசைவை எடைபோடவில்லை. நோக்கம் நன்றெனின் முறை எதுவாயினும் ஏற்கலாம் என்னும் எல்லைக்கு அவ்வாதம் சென்றுவிடுகின்றது. உமர் சிரியாவுக்கு வந்தபொழுது முஆவியாவின் அரசகோலத்தைக் கண்டு, இது பாரசீக வேந்தர் நெறியன்றோ என வினவ, எல்லையில் பகைவர்முன் நிற்கின்றோம், அவர்க்குப் பெருமிதம் காட்டல் வேண்டும் என அவர் விடையிறுக்க, உமர் வாளாவிருந்தார் என ஒரு செய்தியை அவர் தருகின்றார். அவ்வாளாமையை இசைவாகவே அவர் கொள்கின்றார். கோலத்தைப் பொறுத்தவரை அவ்வாறு கொள்ளினும் கொள்ளலாம். கோலம் வேறு, உரிமை வேறு. மைந்தரை விலக்கி வைத்த அவ்வுமரே மைந்தர்க்கு ஆட்சி தருதலிலும் வாளாவிருந்திருப்பார் எனல் பொருந்துமோ?

அவர் தரும் மற்றொரு செய்தி அவர் வாதத்தையே மறுக்கின்றது. 717 முதல் 720 வரை ஆண்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ், அபூபக்கரின் பேரர் காசிமைக் காணுந்தோறும், தமக்கு இயலுமாயின் அவரையே கிலாபத்துக்கு நியமிப்பேன் எனக் கூறுவாராம். ஆயின் தம் குடியினரை அஞ்சி அதனைச் செய்திலர். கூட்டப்பற்று எத்துணை வலியது என்பதற்கு இப்னு கல்தூன் இதனைக் காட்டுகின்றார். நாம் இதில் வேறொன்றும் காண்கின்றோம். தகுதியுடையார்க்கே தலைமை என்னும் எண்ணம் அரியணையில் இருந்தவர் நெஞ்சிலேயே இறவாதிருந்தது. அது தானே மடிந்ததன்று, அடக்கி வைக்கப்பட்டது. 744-இல் ஆட்சியைக் கைப்பற்றிய மூன்றாம் யஸீது, கட்டடம் எழுப்பேன், கால்வாய் வெட்டேன், ஓரூர்ப் பொருளைப் பிறிதோர் ஊர்க்குக் கொண்டு செல்லேன், சொல் தவறின் என்னை நீக்கலாம் என்னும் பொருள்பட மக்கள்முன் உறுதி கூறினார். அவர் ஆறு திங்கள் அளவே வாழ்ந்தார். முஆவியா தலைமையேற்று எண்பது ஆண்டு கடந்தும் ஆட்சிக்கு வருவோர் இத்தகைய உறுதி கூற வேண்டியிருந்தது எனின், கலந்தாய்ந்து தேரும் ஷூரா முறையை மக்கள் மறந்திலர் என்பது பெறப்படும்.

7. பைஅத்து என்னும் அளவுகோல்

அங்ஙனமாயின் மாற்றத்தை அளப்பதற்கு உரிய கோல் யாது? அஃது இப்னு கல்தூனின் நூலிலேயே உள்ளது. கிலாபத்து அரசாக மாறியதை உரைத்த பகுதியை அடுத்து அவர் பைஅத்து என்னும் உறுதிமொழியை விளக்குகின்றார். விற்போனும் கொள்வோனும் கைகோத்தல் போலத் தலைவனும் மக்களும் கைகோத்துச் செய்யும் உடன்பாடு என அச்சொல்லின் பிறப்பை அவர் தருகின்றார். உடன்பாடு எனின் இரு திறத்தார் உண்டு. மறுத்தற்கும் இடம் உண்டு. ஆயின் தம் காலத்தில் பைஅத்து எனப்படுவது மண்ணையோ கையையோ காலையோ ஆடை விளிம்பையோ முத்தமிடுதலாகிய பாரசீக அரசவணக்கமே என்றும், அதற்கு அப்பெயர் ஆகுபெயராகவே வழங்குகின்றது என்றும் அவரே எழுதுகின்றார். வற்புறுத்திப் பெற்ற சூளுறவு செல்லாது எனத் தீர்ப்பளித்த மதீனா நகரத்து இமாம் மாலிக், அத்தீர்ப்புப் பைஅத்துச் சூளுறவையும் தாக்கியமையால் துன்புறுத்தப்பட்ட வரலாற்றையும் அவரே சுட்டுகின்றார்.

இவ்விரு பகுதிகளையும் அவர் இணைத்துக் காணாமையே நாம் கூறும் குறை. தந்தை உயிரோடிருக்க மைந்தர்க்கு முன்கூட்டியே உறுதிமொழி பெற்றபொழுது, பைஅத்து தேர்வு என்னும் தன்மையை இழந்து கீழ்ப்படிதற்குரிய சூளாயிற்று. கலீபா என்னும் பெயர் நின்றவாறே பைஅத்து என்னும் பெயரும் நின்றது. உள்ளீடு இரண்டிலும் ஒழிந்தது. கூட்டப்பற்று என்னும் கருத்து வென்றவர் யார், ஏன் வென்றனர் என்பதை விளக்கும். இழந்தது யாது என்பதைப் பைஅத்தின் வரலாறே விளக்கும்.

8. பிற்கால ஆராய்ச்சிகள்

இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருத்தையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்கலாம். செருமானியப் பேரறிஞர் வெல்ஹவுசன் 1902-இல் வெளியிட்ட நூல் உமைய்யர் ஆட்சியை அரபியரின் பேராட்சியாகக் கண்டது. 1927-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பேராட்சி என்றும் பொருள்படும் செருமானியச் சொல்லை முடியாட்சி நாடு என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லால் தலைப்பில் பெயர்த்தது. மொழிபெயர்ப்பிலும் ஒரு தீர்ப்புப் புகுந்துவிடுதல் காண்க. 1966-இல் வெளிவந்த மௌதூதியின் உருது நூல், கிலாபத்தும் மன்னராட்சியும் என்னும் பொருள்படும் தலைப்பே உடையது. தலைவரைத் தேரும் முறை, பொதுக்கருவூலம், கருத்துரிமை முதலியன மாறியதை அது வகுத்துரைப்பது; மக்களின் இசைவை முதன்மையாக்கியது அதன் சிறப்பு. ஆயினும் முதல் நால்வர் காலத்தை முழுநிறைவாகக் கொண்டு தொடங்குதலின், நான்கு வேறு முறைகள் அக்காலத்தே இருந்தமையும், எழுதப்பட்ட நெறி இன்மையால் பின்னர் எவரும் எதனையும் முன்மாதிரியாகக் காட்ட இயன்றமையும் அதிற் போதிய இடம் பெறவில்லை.

குரோன், ஹைண்ட்ஸ் என்னும் இருவர் 1986-இல் வெளியிட்ட நூல் காசு, கவிதை, மடல் ஆகிய சான்றுகளைத் திரட்டி, இறைவனின் கலீபா என்னும் பெயர் தொன்றுதொட்டே வழங்கியது, கலீபா சமயத் தலைமையும் உடையவராயிருந்தார் என நிறுவ முயன்றது. தபரி காத்துத் தந்துள்ள இரண்டாம் வலீதின் மடல் அவர்தம் தலையாய சான்றுகளுள் ஒன்று. அது 743-இல் தம் மைந்தரிருவரை வாரிசாக நாட்டுதற்கு எழுதப்பட்டது. ஆள்வோர் தம்மைப் பற்றிக் கூறியதை அறிதற்கு அது சிறந்த சான்று. ஆளப்பட்டோர் அதனை ஏற்றனர் என்பதற்குச் சான்றாகாது. அடுத்த ஆண்டே வலீது கொல்லப்பட்டார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த கருத்துகள் இவை. கிலாபத்து அரசாக மாறியது 661 என்னும் ஓர் ஆண்டின் நிகழ்ச்சியன்று. ஒருவரின் குற்றமோ ஒரு குடியின் குற்றமோ மட்டுமன்று. இவ்விரண்டையும் தெளிவுறக் காட்டியது இப்னு கல்தூனின் நிலைத்த பெருமை. எனினும், நிகழ்ந்ததற்குக் காரணம் கண்டமையால் அது நிகழ்ந்தே தீர வேண்டியது என அவர் கொண்டார். காரணம் வேறு, இன்றியமையாமை வேறு. யஸீதுக்கு உறுதிமொழி மறுத்தவர் வலிமையிலே தோற்றனர். அவர்தம் மறுப்புப் பொருளற்றுப் போகவில்லை. ஆட்சி வரலாற்றை ஆராய்வார் ஆள்வோர் தாங்கிய பெயரைக் காண்பதோடு அமையாது, ஆளப்பட்டோர் மறுத்தற்கு உரிமை இருந்ததா என்பதையும் காணல் வேண்டும். அவ்வுரிமை ஒழிந்த நாளே அரசு தோன்றிய நாள் என்பது நம் துணிபு.